மீதி நூற்றுப்பதினேழு

ஏப்ரல் வெயில்
கொண்டலாம்பட்டி பைபாஸில் தாரை இளக்குகிற வாரத்தில்
வருஷா வருஷம் எனக்குக் கழிவுக் கணக்கு.

நாலு கட்டம்.
உருவானது, மீட்டது, அகற்றியது.
நாலாவதற்கு இருப்பு என்று பெயர்.
அதில் பூஜ்யம் வந்துவிட்டால்
கம்பெனி சுத்தம்.

நூலுக்குச் சாயம் ஏற்றும் எங்கள் ஆலையில்
நிறத்தைவிடச் சேறு நன்றாக விளையும்.
ஈரத்தோடு நிறுத்தால் ஒரு எடை
கொட்டகையில் நாலு நாள் காய்ந்தால் வேறு எடை.
எடைமேடைச் செங்கோடன் சொல்வார்:
"டிரைவர் டீ குடிக்க எறங்கினாப் போதும் சார்,
எழுவது கிலோ கழிவு கொறஞ்சிடும்."
அந்த எழுபது கிலோவை எந்தக் கட்டத்தில் எழுத?

சேறு எப்படியோ நேர்பட்டுவிட்டது.
சிமெண்ட் சூளைக்குப் போன சீட்டு பதினெட்டும்
கம்பியில் குத்திக் கிடந்தன, தேதி மாறாமல்.
உடைந்த கோன், கிழிந்த சாக்கு,
எரிந்துபோன டியூப்லைட், கேன்டீன் எச்சில் இலை
எல்லாம் கிடைத்த கட்டத்தில் ஒடுங்கிக்கொண்டன.

பேரல்தான் உதைத்தது.

பெராக்சைடு வந்த நீலப் பேரல்
உள்ளே வந்தது ஆயிரத்து நானூற்று ஆறு.
மறுசுழற்சிக்காரர் ஏற்றிப் போனது
ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது.
மீதி நூற்றுப்பதினேழு.
மடித்து ஜோபியில் வைத்துப்போகிற சாமானா அது?
ஸ்டோர் தனக்கோட்டி
பதிவேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
நடுப் பக்கத்திலிருந்து ஒன்றாவது உருண்டு விழும் என்பதுபோல.

பெங்களூரிலிருந்து ரோஹிணி ஷெனாய்
திரையில் சிரித்தார்.
"குழும அறிக்கை ஆயிரம் டன்னில் போகிறது.
உங்கள் பேரலெல்லாம்
புள்ளிக்கு அந்தப் பக்கம் விழுந்துவிடும்.
இதற்கா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?"

அவர் சொன்னது சரி. வண்டியை எடுத்தேன்.

தாதகாப்பட்டியில் எங்கள் பக்கம்
ஆறு நாளுக்கு ஒருமுறை தண்ணீர்.
அன்று முறை.
வாசலுக்கு வாசல் வாய் பிளந்து நின்றன
நீலப் பேரல்கள்.

இத்தனை வருஷம் இந்தத் தெருவில்தான் போய் வருகிறேன்.

பெட்ரோமாக்ஸ் மாரியம்மன் சந்தில் பதினொன்று.
இட்லிக் கடை ஓரம் ஐந்து.
தறிக்காரர் வீட்டு மாடியில் எட்டு, ஒன்றில் துளசி.
பாதியாக வெட்டிய ஒன்றில்
ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்;
அதை அரை என்று எண்ணினேன்.
குனிந்து பார்த்தால்
சுரண்டியும் போகாத எங்கள் தொகுதி எண்.

நாற்பத்தொன்றரைக்கு அப்புறம்
என் வீட்டு வாசல்.
குளியலறையில் இரண்டு.

"உங்க கம்பெனி பேரல்தாங்க" என்றாள் மல்லிகேஸ்வரி.
"ஒண்ணு நானூத்தம்பது.
சோடா உப்புப் போட்டு மூணு தடவை கழுவியாச்சு.
உங்களுக்குத் தெரியாதா என்ன?"

சின்னவள் மொண்டு வாய் கொப்பளித்தாள்.
மக்கை வாங்கி முகர்ந்தேன்.
ஒன்றும் வாடையில்லை.
வாடை இல்லாததுதான் வயிற்றைப் பிசைந்தது.

மீட்டதா இது? அகற்றியதா?
பேரலைக் கேட்டால் மீட்டது என்று சொல்லக்கூடும்.

சாப்பிடாமல் மடிக்கணினியைத் திறந்தேன்.
இருப்புக் கட்டத்தில் நூற்றுப்பதினேழு என்று போட்டேன்.
எங்கே இருக்கிறது என்ற இடத்தில்
தாதகாப்பட்டி, இட்லிக் கடை ஓரம்,
தறிக்காரர் மாடி (துளசி), என் வீடு
என்று அடித்தேன்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
இங்கே எண்கள் மட்டும்.

மொட்டை மாடிக்குப் போனேன்.
ஏற்காட்டு மலைப்பாதை விளக்குகள்
ஒரு பெரிய தொகையின் தசமப் புள்ளிகள் மாதிரி
எண்ணைத் தேடிக்கொண்டு
வளைந்து வளைந்து ஏறின.

ராத்திரி இரண்டே காலுக்குக் குழாய் இருமியது.
தெருவே எழுந்தது.
நானும் போய்
இரண்டையும் விளிம்புவரை நிரப்பினேன்.
வேறு எதில் பிடிக்க?