மிச்ச விலை

கடிதம் செவ்வாயன்று வந்தது.
என் பன்னிரண்டு வயதுக் கோர்சா
'பொருளாதார ரீதியில் முழுச்சேதம்.'
திருத்தலாமாம். ஆனால் திருத்தும் செலவுக்கு
அந்தக் கார் பெறுமதியில்லையாம்.

நான் அப்போது காருக்குள் இல்லை.
ரெம்ஷைட்டில் தட்டையான தெரு அபூர்வம்.
கைப்பிரேக் இழுத்து, முன்சக்கரத்தை
நடைபாதை விளிம்புக்குத் திருப்பி நிறுத்தியிருந்தேன்
(அவர்களுக்கும் இப்படியே எழுதினேன்).
கட்டில் விற்கும் கடையின் லாரி
பின்னால் வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

மீண்டும் வாங்கும் விலை: இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மிச்ச விலை: எண்ணூற்றைம்பது. கழித்துக்கொள்க.
உங்களுக்கு இரண்டாயிரத்து ஐம்பது யூரோ.
நட்பான வணக்கங்களுடன்,
திருமதி லிண்ட்ஹோர்ஸ்ட்.

அந்தக் காசுக்குத் தேடினேன்.
ஹாகனில் ஒன்று; கியர்பெட்டி முனகும் என்று
விற்பவரே ஒத்துக்கொண்டார்.
சோலிங்கனில் ஒன்று, இருக்கை முழுக்க நாய்மயிர்.
லென்னெப்பில் என்னுடையதைப் போலவே ஒன்று,
நிறம் மட்டும் வேறு: நாலாயிரத்து நானூறு.
பதினொரு விளம்பரம் அச்சடித்தேன்.
நூலகத்தில் தாளுக்குப் பத்து சென்ட்.
அந்த ஒரு யூரோ பத்தையும் கணக்கில் சேர்த்தேன்.

"அவை கேட்கும் விலைகள், திருமதி குகநேசன்.
விற்ற விலைகள் அல்ல."
இதமான குரல். கட்டில் கடையிலேயே
வேலை பார்த்திருக்கலாம்.

பேரம் எனக்குப் புதிதில்லை.
ஆனால் ஜெர்மனில் பேரத்துக்குச் சத்தம் உதவாது.
வினைச்சொல்லை வசனத்தின் முடிவுவரை
கைக்குள் பொத்தி வைத்திருக்க வேண்டும்.
நல்லவேளை, தமிழிலும் அப்படித்தான்.
"ஒருவரும் நேரில் வந்து பாராத என் காருக்கு
நீங்கள் மேசையிலிருந்து போட்ட இந்த விலையை நான்,"
அவள் காத்திருந்தாள்,
"ஏற்கவில்லை."

சொந்தமாக மதிப்பீட்டாளர் வைக்கலாம்,
செலவு அவர்களுடையது என்று சொன்னது
பேக்கரியில் என் பக்கத்தில் மாவு வெட்டும் எல்விரா.
வீஷ்மன் என்று ஒருவர் வந்தார்.
கதவு கதவாகப் பூச்சின் தடிப்பை அளந்தார்.
கிளட்ச் மாற்றிய ரசீதை வெளிச்சத்தில் பிடித்தார்.
ஓட்டுநர் இருக்கையின் இடப்பக்கத் தேய்வைக் குறித்துக்கொண்டார்.
"ஏறி இறங்கியதால்தான்" என்றேன்.
"எல்லாரும் அப்படித்தான்" என்றார்.
அதிகாலை மூன்றே காலுக்கு
எங்கள் தெருவில் பஸ் இல்லை என்பதை எழுத
அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

ஆறு கிழமை. நாலு கடிதம்.
மூவாயிரத்து நானூறு. மூவாயிரத்து எழுநூற்றைம்பது.
அவள் படிப்படியாக ஏறினாள்.
நான் இறங்கவில்லை. பிறகு கொஞ்சம் இறங்கினேன்.
நாலாயிரத்து நூறு, மிச்ச விலை அறுநூறு.
இது நியாயமா என்று கேட்டால் தெரியாது.
கோபம் எந்த இடத்தில் அலுப்பாக மாறியதோ
அந்த இடத்தில் கையெழுத்திட்டேன்.

மிச்சத்தை வாங்கியவன் சனிக்கிழமை
லித்துவேனிய இலக்கத்தகடு போட்ட இழுவண்டியோடு வந்தான்.
சாவியைத் திருப்பினான்.
முதல் திருப்பிலேயே பற்றியது.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

நிலவறைக் கதவு திறந்திருந்தது.
உள்ளே நாலு குளிர்கால ரயர்.
"அதுவும் இதோடுதானே?"
"பட்டியலில் இல்லை" என்றேன்,
லிண்ட்ஹோர்ஸ்டின் குரலில்.
நூறு என்றான். நூற்றிருபது என்றேன்.
நூற்றுப்பத்துக்கு அவனே உருட்டிக்கொண்டு போனான்.

காரிலிருந்து நான் எடுத்து வைத்தவை:
முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம்,
ஒருநாளும் போடாத மஞ்சள் மேலங்கி.

திங்கள் அதிகாலை அதைக்
குளிரங்கிக்கு மேல் போட்டுக்கொண்டு நடந்தேன்.
நாலு கிலோமீட்டர், பாதி ஏற்றம், தூறல்.
ஒரேயொரு கார் வந்தது.
இங்கே ஏதோ விபத்து என்று நினைத்திருக்கவேண்டும்,
என்னைக் கடக்கும்வரை
மெல்ல ஊர்ந்தது.