முப்பது வினாடிச் சும்மா

ஏழு நிமிடப் படம்.
கத்தி ஒருமுறை தெரிந்தால் போதும் என்றாள் துர்கேஷினி,
அதுவும் பிடி மட்டும், சட்டைக்குள் போகும்போது.
மிச்சத்தைப் பார்க்கிறவன் தானே தீட்டிக்கொள்வான்.

ஈசூன். புளோக் எண் சொல்ல மாட்டேன்.
எட்டாம் மாடி நடைபாதை, பின்னிரவு இரண்டு மணி.
லிஃப்ட் திறக்கும்.
இறங்குபவரைக் காட்டக் கூடாது,
வாசலோரம் காயப் போட்ட
பிள்ளையின் வெள்ளைப் பள்ளிக் காலணியைக் காட்டணும்.
அப்புறம்தான் கால்.
பன்னிரண்டு ஃபிரேம் தாமதித்து வெட்டினால் கொலைகாரன்,
உடனே வெட்டினால்
வேலை முடிந்து வரும் பக்கத்து வீட்டுக்காரர்.

காலடி சீராக வரட்டும், நடுவில் நிறுத்து,
அதுதான் உச்சம் என்று சொன்னது நான்.
படத்தொகுப்பாளன் புத்தி.

வளவன் தெம்பனிசில் கணக்கு எழுதுகிறவன்.
நடிப்பு வராது, நடை வரும்.
பதினோரு டேக் நடந்தான்.
தரையோடு கேமராவை வைத்துச் சில,
நீள லென்ஸில் சில:
அதில் அவன் வந்துகொண்டே இருந்தான்,
வந்து சேரவே இல்லை.
அக்கம்பக்கம் எழக் கூடாதென்று
'ஆக்‌ஷன்' கூட யாரும் சொல்லவில்லை,
எல்லாம் கைச்சாடை.
அனுமதிக் கடிதத்தை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்தோம்,
ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

கடைசியில் ஃபிர்தௌஸ் மைக்கைத் தூக்கினான்.
முப்பது வினாடி யாரும் அசையாதீங்க,
இந்த இடத்தோட சும்மாவைப் பிடிக்கணும்.
நின்றோம். வளவனும்
நடந்த இடத்திலேயே நின்றான்.

ஒரு வாரம் கழித்து, செங்காங்கில் என் வாடகை அறை.
வசனத்தின் ஓட்டைகளை அடைக்க
அந்தச் சும்மாவை எடுத்தேன்.
ஏர்கான் சொட்டுகிறது.
எங்கோ ஒரு லாரி.
பத்தொன்பதாவது வினாடியில்
மெல்லிய உலோகம் இழுபட்டு, ஒரு க்ளிக்.

கதவுச் சங்கிலி.
உள்ளிருந்து போடப்படுவது.

டேக்குகளைத் திரும்ப ஓட்டினேன்.
இரண்டில், இடப்பக்க மூன்றாம் கதவடியில் மஞ்சள் கீற்று,
கதவுக்கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம்.
நான்கில் புள்ளி இல்லை, கீற்று இருக்கிறது.
ஆறில் கீற்றும் இல்லை.
பதினொன்று வரை இருட்டு.
வெள்ளைக் காலணி அந்த வாசலில்தான்.

மூலையில் குவிந்திருந்த எங்களுக்கு
அந்தக் கண்ணில் இடம் கிடையாது.
உள்ளே நின்றவருக்குக் கிடைத்தது
இரண்டு மணி நேரம், வெட்டே இல்லாத ஒரே ஷாட்:
ஓர் ஆள் வருகிறான்,
சட்டைக்குள் எதையோ செருகுகிறான், போகிறான்,
மறுபடி வருகிறான்.
கடைசியில் காலடி நின்றுவிடுகிறது.
சங்கிலி போட்டது அப்போதுதான்.

அந்தச் சத்தத்தைப் படத்தில் வைத்தேன்.
ஆமாம், வைத்தேன்.
நாலு டெசிபல் தூக்கியும் வைத்தேன்.

திரையிட்ட அன்று அறுபது பேர்.
கத்தியின் பிடிக்கு யாரும் அசையவில்லை,
சங்கிலிக்கு ஒரு வரிசை முழுக்க மூச்சை இழுத்தது.
இது எங்கே பிடிச்சே என்றாள் துர்கேஷினி, இருட்டில்.
லைப்ரரியில் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், ஒரு பெட்டி பலகாரத்தோடு
எட்டாம் மாடி போனேன்.
காலணி வெளியே இல்லை.
கம்பிக் கதவில் புதுசாய் இரண்டாவது பூட்டு.
எங்க படத்துக்காக அன்னிக்கு ராத்திரி,
என்று தொடங்க வேண்டும்.
அதற்கப்புறம் வசனம் எழுதிக்கொண்டு வரவில்லை.
தட்டக் கையை உயர்த்தியபோது
கதவுக்கண்ணில் இருந்த புள்ளி
அணைந்தது.

திரும்பி நடந்தால் சத்தம்.
நின்றால் அதைவிட.