ஏழு மூட்டை

புதுவயல் ஆலையில் நாற்பது மூட்டை ஏற்றினால்
வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழும்.
மூட்டைக்கு இருபத்தைந்து கிலோ.
அதற்கு மேல் ஒரு படி அரிசி வைத்தாலும்
அடைக்கலம் முகம் சுளிப்பார்.
பாதி அவர் பணம், பாதி என் பணம்,
ஓட்டுவது முழுக்க நான்.

காரைக்குடி நூறடி ரோட்டு ஷோரூமில் சொன்னார்கள்:
இன்னொரு பேட்டரி பொருத்தலாம்,
கேபினுக்குப் பின்னால்,
எண்பது கிலோமீட்டர் கூடும்.
கனம் எவ்வளவு என்றேன்.
நூற்று எழுபத்தைந்து.
அடைக்கலம் எண்பதைக் குறித்துக்கொண்டார்.
நான் மனதுக்குள்
ஏழு மூட்டையை இறக்கிவைத்தேன்.

அதன்பிறகு எங்களுக்கு வேறு பேச்சே இல்லை.

மதுரை போய்த் திரும்ப இருநூறு,
இருப்பதோ நூற்றைம்பது,
அதுவும் காற்று எதிர்த்து வீசாவிட்டால், என்பார்.
மதுரை வியாழன் ஒரு நாள்தானே, என்பேன்.
மற்ற நாளெல்லாம்
கோட்டையூர், தேவகோட்டை, கண்டனூர்க் கடைகள்.
ஒரு வியாழனுக்காக வாரம் முழுக்கச் சுமப்பதா?
குடையை மழை வந்த பிறகா எடுப்பாய், என்பார்.
குடை ஏழு மூட்டை கனமென்றால்
நனைந்துகொண்டே போவேன், என்பேன்.

அப்புறம் அந்த வியாழன்.
மதுரையில் சார்ஜர் பழுது.
ஒத்தக்கடையில் இன்னொன்று, அதற்கு முன்னால் நாலு வண்டி.
கொஞ்சம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.
மேலூரில் முப்பத்தொன்று.
திருப்பத்தூரில் பதினொன்று.
ஃபேனை நிறுத்தினேன், பாட்டை நிறுத்தினேன்,
பிரேக்கைத் தொடவே கூசினேன்.
பிள்ளையார்பட்டி தாண்டி நான்கு.
அந்த நான்கு
கடன்காரன் மாதிரி என்னையே பார்த்தது.

குன்றக்குடிக்கு முன்னால் ஒரு கல்யாண மண்டபம்.
வாசலில் சீரியல் விளக்கில்
தேனம்மை என்று எரிந்துகொண்டிருந்தது.
எலக்ட்ரீஷியன் சூசையிடம் கேட்டேன்.
வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒயரை இழுத்து வந்து செருகினார்.
பெயரின் நடு எழுத்துகள் பட்டென்று அணைந்தன.
பதறிப்போனேன்.
எல்லாரும் பந்தியில் இருக்காங்கம்மா,
இந்நேரத்துக்கு யார் எழுத்துக் கூட்டிப் படிக்கப் போறா,
நீங்களும் போய் உட்காருங்க, என்றார்.

இரண்டு மணி நேரம்.
யாரென்றே தெரியாத கல்யாணத்தில்
இரண்டு முறை பாயசம் வாங்கினேன்.
வெளியே எனக்காக
ஒரு பெண்ணின் பாதிப் பெயர் இருட்டில் கிடந்தது.
எவ்வளவு கூச்சம் அது.

விடிந்ததும் ஆலைக்குப் போய்ச் சொன்னேன்:
பேட்டரி போட்டுவிடலாம்.
அடைக்கலம் நிமிரவில்லை.
ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டிருந்தார்.
நடைக்கு ஏழு மூட்டை, மாதத்துக்கு இருபத்தாறு நடை,
வட்டி வேறு.
வேண்டாம், என்றார்.
வியாழன் ஒரு நாள்தானே?

என் வாக்கியம். அதே ராகம்.
மழை வந்த பிறகா குடை எடுப்பீர்கள், என்றேன்.
அவருடைய வாக்கியம், எனக்கும் நன்றாகவே வந்தது.

மூட்டை தைத்துக்கொண்டிருந்த பஞ்சவர்ணம்
ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்:
ஏழு மூட்டையை விற்காம சும்மா கொண்டுபோய்த்
திருப்பிக் கொண்டாங்க.
கனம் எவ்வளவு தின்னுதுன்னு
வண்டியே சொல்லுமே.

இந்த வியாழன் முப்பத்துமூன்று மூட்டை சரக்கு.
கேபினை ஒட்டி ஏழு,
சிவப்புக் கயிற்றால் தனியே கட்டியது.
அடைக்கலம் பக்கத்து இருக்கையில்,
மடியில் நோட்டு,
ஊருக்கு ஊர் சதவீதம் எழுதிக்கொண்டு.

மேலூர்க் கடைக்காரர் தன் பங்கை இறக்கிவிட்டுக்
கயிற்றைத் தட்டிக் கேட்டார்,
இந்த ஏழையும் எனக்கே போட்டுடுங்களேன்?

அது விற்பனைக்கில்லை,
அடைக்கலமும் நானும் ஒரே குரலில் சொன்னோம்,
அது பேட்டரி.

அவர் குனிந்து,
மூட்டையின் தையலோரம் விரல் விட்டு,
இரண்டு மணியை எடுத்து வாயில் போட்டு மென்றார்.

பொன்னியா, என்றார்.