இருபத்தெட்டு அங்குலத் தண்ணீர்

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் பன்னிரண்டு.
ஆகஸ்ட் மதியம் ஷட்டரைத் தொட்டால்
தோல் ஷட்டரிலேயே தங்கிவிடும்.
உள்ளே
மேசைமேல் மல்லாந்து கிடக்கிறது
ஒரு பேட்ரோலின் சிலிண்டர் ஹெட்.
இருபத்துநான்கு வால்வையும் கழற்றி
முட்டை அட்டையில் நட்டிருக்கிறேன்,
எது எந்த வீட்டுக்கு என்று
மார்க்கரில் எழுதி.

ஓட்டையைப் பெரிதாக்கிச் சம்பாதிக்கிறவன் என்று
மச்சினன் சொல்லிச் சிரிக்கிறானாம்.
சிரிக்கட்டும்.
வால்வுக்குச் சற்று முன்னால்
தரை சட்டென்று இறங்குகிற
ஓர் உள்வளைவு இருக்கிறது.
காற்று அந்தத் தரையைப் பிடித்துக்கொண்டே
இறங்க வேண்டும்.
பிடி விட்டால்
எதிர்ச்சுவரில் போய் மோதி
நின்று கத்தும்.

கார்பைடு பல் சுழல்கிறது.
அலுமினியம் ரவையாய் உதிர்கிறது,
கழுத்தில், புருவத்தில், டீயில்.
கண் பார்ப்பது பாதிதான்.
மீதியைச் சுண்டுவிரல் சொல்லும்:
இங்கே ஒரு மேடு,
இங்கே நேற்றைய அவசரம்.

சோதிக்கிற பெஞ்சு நானே கட்டியது.
பழைய வேக்குவம் கிளீனர் மோட்டார் எட்டு,
ஒரு பிளைவுட் பெட்டி,
சிவப்புச் சாயத் தண்ணீர் நிற்கும் குழாய்.
தண்ணீரை இருபத்தெட்டு அங்குலத்தில் நிறுத்தினால்
எவ்வளவு காற்று போகிறதென்று படிக்கலாம்.
ஒன்று: இருநூற்று அறுபத்தெட்டு.
இரண்டு: அதே.
மூன்று, நான்கு, ஆறு
ஒன்றிரண்டு முன்னே பின்னே.
ஐந்து:
இருநூற்று ஐம்பத்தேழு.

இன்னும் கொஞ்சம் எடுத்தேன்.
ஐம்பத்து நான்கு.
இன்னும் ஒரு சுரண்டல்.
நாற்பத்தொன்பது.
சிவப்புத் தண்ணீர் நடுங்குகிறது,
துளைக்குள்ளிருந்து
தொண்டை கட்டினவன் கூப்பிடுகிற சத்தம்.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
பார்வைக்கு ஒரு பழுதும் இல்லை.

கூட வேலைபார்க்கும் ததேயு
மகள் பிறந்தநாளுக்கு அனுப்ப வாங்கி வைத்திருந்த
கலர் களிமண் டப்பாவை உடைத்தோம்.
மஞ்சளை மட்டும் எடுங்க என்றான்.
நான் வெட்டித் தள்ளிய வளைவில்
நகத்தால் அப்பி
கட்டைவிரலால் வழித்தேன்.
எட்டு மோட்டாரும் ஊளையிட்டன.
அறுபத்து மூன்று.
இன்னும் ஒரு மிளகளவு.
அறுபத்தொன்பது.
கத்தல் நின்றது.
'அடைச்சா கூடுதே அண்ணே!'
எட்டு வருஷமாக இந்தத் தொழில்.
நான் வாயைத் திறக்கவில்லை.

களிமண்ணோடு எஞ்சின் ஓடாது.
அடுத்த சந்து குல் ஜமான்
அடுப்பில் வைத்துச் சூடேற்றி
எச்சில் தொட்டுச் சீறவைத்துப் பார்த்தார்.
'தண்ணீர் ஓடும் அறைக்கு
ஒரு மில்லிதான் மிச்சம் வைத்திருந்தாய்,
அல்லா பார்த்துக்கொண்டிருந்தான்'
என்றார் உருதுவில்.
வெல்டிங் இருநூறு திர்ஹம்.
என் கணக்கில்.

மறுபடி வளைவு. மறுபடி சுண்டுவிரல்.
இந்த முறை உப்புத்தாள், கையால்.
இருநூற்று அறுபத்தெட்டில் நிறுத்திவிட்டேன்,
எழுபது வரும் என்று கை சொன்னபோதும்.

வியாழக்கிழமை ஹுமைத் வந்தார்.
கந்தூராவைத் தூக்கிப் பிடித்துக் குனிந்து
'ஏன் கண்ணாடி மாதிரி இல்லை?'
எக்ஸாஸ்ட் பக்கம் காட்டினேன், அங்கே முகம் தெரியும்.
இன்டேக்கில் பெட்ரோல் துளிகள்
சறுக்கி ஒன்றுசேரக் கூடாது,
கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்;
அதற்கெல்லாம் என் அரபியில் சொல்லில்லை.
பூனையின் நாக்கு என்றேன்.
விரலை விட்டுப் பார்த்தார்.
சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணினார்.

டிசம்பரில் லிவாவிலிருந்து
பதினோரு வினாடி வீடியோ.
விளக்கு வெளிச்சத்தில் மணல்மேடு,
மேலேறுகிற வெள்ளை வண்டி.
கூட்டம் கத்துவதில்
எஞ்சின் பாதிதான் கேட்கிறது.
முப்பது தடவை போட்டேன்
ஐந்தாவதை மட்டும் பிரித்துக் கேட்க.
முடியவில்லை.

அதில அப்படி என்னதான் செஞ்சீங்க என்று
போனில் ஜெசிந்தா.
எடுத்தேன்.
அதிகமா எடுத்துட்டேன்.
திருப்பி வெச்சேன்.
நம்ம சீட்டுப் பணம் மாதிரி என்றாள்.

அன்று மாலை ததேயு
மகள் அனுப்பிய படத்தைக் காட்டினான்:
களிமண்ணில் வீடு, களிமண்ணில் ஆடு,
மேலே பச்சை நிறத்தில்
ஒரு சூரியன்.