சுவர் தின்ற முட்டை

பால்வாடிச் சாவி பஞ்சாயத்தில்.
உள்ளே பிளீச்சிங் மூட்டைகளுக்குப் பின்னால்
உயரம் அளக்கும் பலகை
நாலு மாதமாய் யாரையும் அளக்காமல் நிற்கிறது.
தையல்காரரிடம் ஒரு டேப் வாங்கி
பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின்
பின்கட்டுச் சுவரில் ஒட்டினேன்.
புதுவயலில் எங்கள் தெருவுக்குக்
கோணாத சுவர் அது ஒன்றுதான்.
"கை படாம அளந்துக்கங்க" என்றார்
காவல் இருக்கும் சேவுகன்.
பிள்ளையைச் சொன்னாரா சுவரையா, தெரியவில்லை.

தனுஷியா. மூன்று வயது இரண்டு மாதம்.
வைகாசியில் எண்பத்து நாலு புள்ளி இரண்டு.
ஆனியில் எண்பத்து நாலு புள்ளி இரண்டு.
ஆடியில்,
மாஸ்க் மூச்சில் ஆவி படிந்த கண்ணாடியைக்
கழற்றித் துடைத்துப் பார்த்தேன்.
அதேதான்.

பதினைந்து நாளைக்கு ஆறு முட்டை
கொடுத்தேனே, பாண்டிமீனா?
அவள் தரையைப் பார்த்தாள்.
வீட்டில் ஐந்து பேர்.
ஆறாவது முட்டை யாருக்கு என்பதில்
முந்தாநாள் அடிதடி.
கல்யாணப் பந்தியில் ஆயிரம் இலைக்குப்
பரிமாறிய கை அவள் புருஷனுக்கு;
பங்குனியிலிருந்து ஓர் இலையும் விரியவில்லை.
பதிவேட்டில்
'தாய்க்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று
ஒரு கட்டம் உண்டு.
அதை வெறுமையாய் விட்டேன்.

விடியலிலிருந்து வீடு வீடாய்
தனிமைப்படுத்தல் தாள் ஒட்டிவிட்டு
பசை காயாத கையோடு வந்தாள் நர்ஸ் ஜெசிந்தா.
அவள்தான் முதலில் பார்த்தாள்.
டேப்புக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு
வாய் எட்டும் இடத்தில்
சுவர் குழிந்திருந்தது.
நகத்தால் சுரண்டிச் சுரண்டி
சுண்ணாம்பைத் தின்றிருக்கிறது.

சேவுகன் தலையில் கை வைத்தார்.
"முட்டை வெள்ளைக்கரு ஊத்தி
இழைச்ச சுவரும்மா இது.
வண்டி வண்டியா முட்டை!
இனிமே எவனால பூச முடியும்?"

பாண்டிமீனா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அடிமுதல் முடிவரை.
ஜெசிந்தா சானிடைசர் தேய்த்து
பிள்ளையின் கீழிமையை விலக்கினாள்.
வெளிறிக் கிடந்தது.
பூச்சி மாத்திரை ஒன்று. இரும்புச்சத்து மருந்து.
பிறகு என்னிடம் மெதுவாக,
"முட்டையை வீட்டுல குடுக்காதீங்க டீச்சர்."

அவித்து எடுத்துப் போனேன்.
மூன்றடி தள்ளி நின்று
என் கண் முன்னால் தின்னச் சொன்னேன்.
வெள்ளையைத் தின்றது.
மஞ்சளைக் கைக்குள் மூடிக்கொண்டு
தம்பியிடம் ஓடிவிட்டது.

மறுநாளிலிருந்து இரண்டு.
இரண்டாவது முட்டை எந்தக் கணக்கிலும் இல்லை.

ஐப்பசி. மழைவிட்ட காலை.
சுவர்க்குழியில் சேவுகன் அப்பிய சிமெண்டு
சாம்பல் நிறத்தில், ஒரு சாமந்திப்பூ அளவு.
தனுஷியா நுனிக்காலில் நின்றாள்.
குதிகாலை வை என்றேன். வைக்கவில்லை.
ஏழு மாதம் எந்தப் பிள்ளையையும் தொடாத கையால்
பிடித்து அழுத்தினேன்.
சின்னக் குதிகால். நல்ல சூடு.

எண்பத்து நாலு புள்ளி ஒன்பது.
ஒரு நெல்மணி நீளம்.

ரப்பர் இருக்கிறதா என்று
ஜெசிந்தாவைக் கேட்டேன்.
வரும்போதே, பழக்கத்தில்,
பழைய எண்ணையே எழுதி வைத்திருந்தேன்.