சலவை முறை

நிலவறையில் பதினொரு வீட்டுக்கு ஒரே மெசின்.
கதவில் ஒட்டிய தாளில்
பேர் எழுதி, வெட்டி, மேலே எழுதி, சண்டை பிடித்து
கடைசியில் கூட்டம் என் பக்கம் திரும்பியது:
"நீங்கள் கொம்பியூட்டர் வேலைதானே?"
நான் பல் மருத்துவரிடம் கணக்கெழுதுகிறவள்.
தலையாட்டிவிட்டேன்.

பீல் நகரில் இரவு பத்துக்குப் பிறகு
குழாய் திறக்கவும் யோசிக்க வேணும்.
சத்தமில்லாத வேலை இது:
செயலிக்குக் கடிதம் அனுப்பப் பழக்குவது.
அதற்கு நாள் தெரியும், முறை தெரியும், வாய்தான் இல்லை.
வாய், சூரிச்சில் யாரோ வைத்திருக்கும் சேர்வரில்
மாதம் நான்கு பிராங் வாடகை.

இருபத்தைந்தாம் வாசலில் தட்டினேன், மூச்சே இல்லை.
ஐந்நூற்று எண்பத்தேழில் "யார்?" என்றது.
பேர் சொன்னேன். பூட்டிவிட்டுப் பேசு என்றது.
பூட்டினேன். கடவுச்சொல் பிழை என்றது.
பிழையில்லை, அதன் வாலில் ஒரு வெற்றிடம்
ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, சட்டையில் நூல் மாதிரி.
கண்டுபிடிக்க ஒன்றரை மணித்தியாலம்.
பிறகும் விடவில்லை:
அனுப்புநர் என்று போட்டிருக்கிறாயே, அது நீயா?
நியாயம்தான். கட்டடத்தின் பேரில் பேச
எனக்கு யார் அதிகாரம் தந்தது?
என் பேரையே போட்டேன்.

கடிதம் முடிந்ததென்று சேர்வருக்குச் சொல்ல
தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைக்க வேணுமாம்.
எங்கள் எழுத்திலும் அப்படித்தான்,
புள்ளி விழுந்தால் உயிர் போய்
மெய் மட்டும் மிஞ்சும்.

ஒன்று ஐம்பதுக்குப் பதினொரு கடிதம் போனது.
"வந்துதா?" என்று மட்டும். தமிழில். தூக்கக் கலக்கம்.

காலையில் முதல் பதில், மூன்றாம் மாடி ஏஷ்லிமன் அம்மா:
இது என்ன எழுத்தென்று தெரியவில்லை,
ஆனால் செவ்வாய் என்னுடையது.

அதற்கும் முன்பே, இரவோடிரவாக,
சேர்வர் தானாக ஒன்று எழுதியிருந்தது.
ஐந்நூற்றைம்பது. அப்படி ஒருவர் இங்கே இல்லை.
வுய்லெமியே ஐயா. வியாழன், காலை ஏழு.
நிர்வாகம் தந்த பட்டியல் போன வருடத்தது.
மாசியில் அம்புலன்ஸ் வந்தபோது
நானும்தான் கதவிடுக்கால் பார்த்தேன்.

அவர் வரியை அழிக்கப் போன விரல்
வேறு ஏதோ வேலை பார்க்கப் போய்விட்டது.

இன்று வியாழன். ஏழுக்கு இன்னும் பத்து நிமிசம்.
நேற்று மாலையும் நினைவூட்டல் போய்த் திரும்பியது.
கூடை நிறையப் பிள்ளைகளின் காலுறை.
திரையில் அவர் பேர் அப்படியே இருக்க
இறங்கிப் போகிறேன் அவர் முறையில்,
சவர்க்காரத் தூள் சிந்தாமல்.