நூல் பிடித்தாற்போல்

பிறந்தநாளுக்கு மகள் வாங்கித் தந்த சீட்டு:
ஒரு நாள், மூன்று சரணாலயங்கள்,
மதிய சூப் உட்பட.
பேர்னுவில் காலை ஏழரைக்குப் பேருந்து.
வழிகாட்டிப் பெண் மெரிகே
தலைகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
பதினாறு என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
பதினாறாவது நான்.

முதலில் ஈரப் புல்வெளி.
வெள்ளம் வடிந்து ஒரு வாரமாகியும்
வேலிக் கம்பங்களில் அதன் கோடு இருந்தது,
என் இடுப்புயரத்தில்.
தொலைவில் பெருங்கொக்குகள்.
தொலைநோக்கி கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தபோது
அவை எழும்பிப் போயிருந்தன.
பார்த்தேன் என்றேன்.
எனக்குப் பின்னால் வாங்கியவர்களும் அப்படியே சொன்னார்கள்.

அடுத்தது சதுப்பு.
காலில் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு ஜோடி அகலச் சட்டம்.
வாத்துகளாய் நடந்தோம்.
பலகைப் பாதை முடியும் இடத்தில் நின்று
மெரிகே சொன்னாள்:
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்கிறது இந்தப் பாசி,
நம் காலடியில் ஐந்து மீட்டர் இருக்கிறது,
கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.
பின்லாந்துத் தம்பதி
காப்பி எப்போது என்று கேட்டார்கள்.

அப்புறம் அந்தக் கால்வாய்.
நூல் பிடித்தாற்போல் நேராக.
குறுக்கே புதுப் பலகை அடித்து மறித்திருந்தார்கள்,
கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது.
"சோவியத் காலத்தில் வெட்டியது.
கரிமண் எடுப்பதற்காகச் சதுப்பை வடியவிட்டார்கள்.
யார் வெட்டினார்களோ.
நாங்கள் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறோம்."

எழுபத்து நான்கு, மே மாதம்.
மஞ்சள் பூச்சு உரிந்த இயந்திரம்.
இடது நெம்புகோல் இறுகிக்கொள்ளும்,
தொடையை முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும்.
நாளுக்கு நூற்றிருபது மீட்டர் தாண்டினால்
மாதக் கடைசியில் கூடுதல் பணம்.
அதில் ஹெல்வி ஒரு தையல் இயந்திரம் வாங்கினாள்.
நேராகப் போகிறதா என்று
திரும்பித் திரும்பிப் பார்ப்பேன் அப்போது.
இன்றும் பார்த்தேன்.
நேராகத்தான் இருக்கிறது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
அதற்குள் பல் மருத்துவர் உர்வே
சட்டங்களைக் கழற்றிவிட்டு
ஒரு புகைப்படத்துக்காகப் பச்சையின் மேல் கால் வைத்தாள்.
முழங்கால். தொடை.
ஆளாளுக்குக் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள்.
மேலே இழுத்தால் அது விடாது.
"உட்காருங்கள்" என்றேன்,
"பின்னால் நாற்காலி இருக்கிறதென்று நினைத்துச் சாயுங்கள்.
குதிகாலை ஆட்டுங்கள், உள்ளே தண்ணீர் போகட்டும்."
கால் வந்தது. காலணி வரவில்லை.
குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு
அதையும் எடுத்தேன்.
அடியில் அதே குளிர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"இங்கே வேலை பார்த்திருக்கிறேன்."
"என்ன வேலை?"
நான் கால்வாயைப் பார்த்தேன்.
மெரிகேயும் பார்த்தாள்.
கழுத்துத் துணியை அவிழ்த்துக் கை துடைக்கத் தந்துவிட்டு
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்,
ஒன்று, இரண்டு.

மூன்றாவது, ஏரி. மழை.
பேருந்துக் கண்ணாடிக்கு வெளியே
சாம்பலாய் ஏதோ இருந்தது, அதுதான் என்றார்கள்.
சூப் ஆறியிருந்தாலும் சதகுப்பை வாசம் நன்றாக இருந்தது.
உர்வே வெறுங்காலை என் கம்பளிக் குல்லாவுக்குள் விட்டுக்கொண்டு
எல்லோருக்கும் கதை சொன்னாள்.
கதையில் ஆழம் இடுப்புவரை வந்திருந்தது.

திரும்பும் வழியில்
மெரிகே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
மடியில் வரைபடத்தை விரித்தாள்.
"எங்கள் கணக்கில் நாற்பத்தொன்று."
நகக்கண்ணில் கறுப்போடு விரலை வைத்தேன்.
"நாற்பத்து மூன்று. இதோ இங்கே ஒன்று.
இந்த பிர்ச் மரங்களுக்குப் பின்னால் இன்னொன்று,
அது மட்டும் கொஞ்சம் கோணல்.
அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்."